பந்தயக் காரில் எரிபொருள் அழுத்தச் சீராக்கி: எப்படிப் பொருத்துவது, எங்கே தப்பு நடக்கிறது?

பந்தயத் தடத்தின் நேர்ப் பாதையில் ஒரு கார் முழு வேகத்தில் போகிறது. திடீரென இன்ஜின் லேசாகத் திணறுகிறது. பார்வையாளர் யாருக்கும் ஒன்றும் தெரியாது, ஓட்டுநரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டு சுற்று கழித்து புகை கிளம்புகிறது. பிட்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்து இன்ஜினைப் பிரித்தால், பிஸ்டன் தலையில் ஓட்டை.

இப்படி ஒரு சேதத்துக்குக் காரணம் தேடிப்போனால், எரிபொருள் அழுத்தம் குறைந்ததில் போய் நிற்பது அபூர்வம் இல்லை. அந்த அழுத்தத்தைக் கட்டிக்காப்பது உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு உலோக டப்பா. அதற்குப் பெயர் எரிபொருள் அழுத்தச் சீராக்கி. பட்டறையில் 'ஃபியூவல் ரெகுலேட்டர்' என்றால்தான் எல்லாருக்கும் புரியும்.

மலேசியாவில் மோட்டார் பந்தயம் என்றதும் இன்று செப்பாங் நினைவுக்கு வரும். ஆனால் 1999ல் செப்பாங் தடம் வருவதற்கு முன்பே ஜொகூர் மாநிலத்தின் பாசிர் கூடாங்கில் ஒரு தடம் இருந்தது. 1986ல் திறக்கப்பட்ட ஜொகூர் தடத்தின் நீளம் சுமார் 3.86 கிலோமீட்டர். 1998ல் உலக மோட்டார் சைக்கிள் பந்தயத்தின் மலேசியச் சுற்று இங்கேதான் நடந்தது. நிரந்தரத் தடம் இல்லாத சிங்கப்பூர் பக்கத்திலேயே இருப்பதால், அங்கிருந்தும் ஆர்வலர்கள் பாலம் கடந்து வந்து கார் ஓட்டிய இடம் இது.

இது போன்ற தடங்களில் சொந்தக் காசில் கார் ஓட்டுபவர்கள் நம்புவது பழைய புரோட்டோன், ஹோண்டா, டொயோட்டா கார்களை. பழைய இன்ஜினுக்குப் பெரிய இன்ஜெக்டரும் வேகமான பம்ப்பும் மாட்டும்போது, அடுத்து மாற்ற வேண்டியது இந்த ரெகுலேட்டர்தான். விலை அதிகமில்லை, மாட்டுவதும் பார்வைக்குச் சுலபம். அதனாலேயே அலட்சியமும் அதிகம்.

அந்த டப்பா என்னதான் செய்யுது?

இன்ஜெக்டர் என்பது திறந்து மூடும் ஒரு நுண்ணிய வாய். எத்தனை மில்லி விநாடி திறந்திருக்க வேண்டும் என்பதை ஈசியூ, அதாவது இன்ஜினின் கணினி, முடிவு செய்கிறது. ஆனால் அந்த நேரத்தில் எவ்வளவு பெட்ரோல் வெளியே வரும் என்பது பின்னால் இருந்து தள்ளும் அழுத்தத்தைப் பொறுத்தது. தோட்டத்துக் குழாயை ஒரே அளவு திறந்து வைத்தாலும், மேல் தொட்டியில் தண்ணீர் குறைந்தால் வேகம் குறையுமே, அது மாதிரி.

அழுத்தம் மாறாமல் இருந்தால்தான் ஈசியூ போடும் கணக்கு சரியாக வரும். அந்த மாறாத அழுத்தத்தைத் தருவதுதான் ரெகுலேட்டரின் வேலை.

உள்ளே ஒரு சவ்வு இருக்கிறது. ஒரு பக்கம் பெட்ரோல், மறுபக்கம் ஒரு ஸ்பிரிங். பெட்ரோலின் அழுத்தம் ஸ்பிரிங்கின் பலத்தை மிஞ்சினால் சவ்வு நகர்ந்து ஒரு வழி திறக்கும். மிச்ச பெட்ரோல் அந்த வழியாகத் தொட்டிக்குத் திரும்பிவிடும். மேலே இருக்கும் திருகை முறுக்கினால் ஸ்பிரிங் இறுகும், அழுத்தம் கூடும். தளர்த்தினால் குறையும். அவ்வளவுதான் இயந்திரம்.

இன்ஜெக்டர் வைத்த பெரும்பாலான பழைய கார்களில் அடிப்படை அழுத்தம் 3 பார் அளவில் இருக்கும். ஒரு பார் என்பது 14.5 பிஎஸ்ஐ. ஆகவே 3 பார் என்றால் 43.5 பிஎஸ்ஐ. கார்புரேட்டர் வைத்த கார்களுக்கு இது பொருந்தாது. அவற்றுக்கு 0.2 முதல் 0.4 பார் வரை போதும், ரெகுலேட்டரும் வேறு வகை. இன்ஜெக்டருக்கான ரெகுலேட்டரை கார்புரேட்டருக்கு மாட்டினால் பெட்ரோல் பொங்கி வழியும்.

அந்தச் சின்ன ரப்பர் குழாய் எதுக்கு?

ரெகுலேட்டரின் தலையில் இருந்து ஒரு மெல்லிய குழாய் இன்ஜினின் காற்று அறைக்கு, அதாவது இன்டேக் மேனிஃபோல்டுக்குப் போகும். பலர் இதைக் கவனிப்பதே இல்லை. விஷயமே இதில்தான் இருக்கிறது.

இன்ஜெக்டரின் ஒரு முனையில் பெட்ரோல் அழுத்தம், மறுமுனையில் மேனிஃபோல்டின் காற்று அழுத்தம். பெட்ரோலை வெளியே தள்ளுவது இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம். இன்ஜின் சும்மா ஓடும்போது, அதாவது ஐடிலில், மேனிஃபோல்டில் உறிஞ்சல் இருக்கும். வெளிக்காற்றைவிட 0.6 பார் அளவுக்கு அங்கே அழுத்தம் குறைவு. ரெகுலேட்டர் அதை அந்தச் சின்னக் குழாய் வழியாக உணர்ந்து, பெட்ரோல் அழுத்தத்தையும் அதே அளவு குறைக்கும். மீட்டர் 2.4 பார் காட்டும். வித்தியாசம் அதே 3 பார்தான்.

டர்போ காரில் இது தலைகீழ். டர்போ 1 பார் காற்றை உள்ளே தள்ளினால், பெட்ரோல் அழுத்தமும் 1 பார் ஏறி 4 பார் ஆக வேண்டும். ஏறவில்லை என்றால், இன்ஜினுக்கு அதிகம் பெட்ரோல் வேண்டிய அதே நேரத்தில் குறைவாகப் போகும். பிஸ்டன் உருகுவது இந்த நேரத்தில்தான்.

ரெண்டு திருகு திருகினா பவர் கூடுமா?

பட்டறைகளில் அடிக்கடி விழும் கேள்வி இது. சுருக்கமான பதில்: அழுத்தத்தை மட்டும் ஏற்றினால் பவர் கூடாது.

பெட்ரோல் பாயும் அளவு அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. 3 பாரில் நிமிடத்துக்கு 240 சிசி தரும் இன்ஜெக்டர், 4 பாரில் 277 சிசி தரும். அழுத்தம் மூன்றில் ஒரு பங்கு ஏறினாலும் பெட்ரோல் கூடுவது 15 சதவீதம் அளவுக்குத்தான். அந்தக் கூடுதல் பெட்ரோலை எரிக்கக் காற்றும் கூட வேண்டும். காற்று கூடாமல் பெட்ரோல் மட்டும் கூடினால் கரும்புகை வரும், பிளக் கருக்கும், பவர் குறையும்.

இன்னொரு சிக்கல், அழுத்தம் ஏற ஏற பம்ப் தள்ளும் அளவு குறையும். பம்ப் பெட்டியில் எழுதியிருக்கும் லிட்டர் கணக்கு ஒரு குறிப்பிட்ட அழுத்தத்துக்கும் மின்னழுத்தத்துக்கும் உரியது. 3 பாரில் தாராளமாக இருந்த பம்ப், 5 பாரில் மூச்சு வாங்கலாம்.

ஆகவே பவர் வேண்டுமென்றால் இன்ஜெக்டர், பம்ப், ஈசியூ டியூனிங் மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ரெகுலேட்டரின் வேலை அந்த மூன்றுக்கும் நிலையான அடித்தளம் தருவது.

பொருத்துவதற்கு முன்: தீயை மறக்காதீங்க

பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு பரவும். சுமார் மைனஸ் 40 டிகிரியிலேயே தீப்பற்றும் அளவுக்கு ஆவி விடும் திரவம் அது. ஜொகூரின் 32 டிகிரி பகல் வெயிலில் மூடிய கொட்டகைக்குள் இந்த வேலை செய்வது ஆபத்து.

- இன்ஜின் முழுதாக ஆறிய பிறகு, காற்றோட்டமான இடத்தில் வேலையைத் தொடங்குங்கள். காருக்கு அடியில் குழி இருக்கும் இடம் வேண்டாம், ஆவி அங்கே போய்த் தேங்கும்.
- பம்ப்பின் ஃபியூஸ் அல்லது ரிலேவைக் கழற்றிவிட்டு இன்ஜினை ஓட விடுங்கள். குழாயில் இருக்கும் பெட்ரோல் தீர்ந்து தானாக நிற்கும். பிறகு பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி, எண்ணெய்த் தொட்டி மூடியைத் திறந்து அழுத்தத்தை விடுங்கள்.
- குழாயைக் கழற்றும்போது துணியைச் சுற்றிக்கொள்ளுங்கள். கண்ணாடி, கையுறை அவசியம். உலர் தூள் தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.
- சிகரெட் மட்டுமல்ல, பக்கத்தில் வெல்டிங், கிரைண்டர் வேலையும் கூடாது.

எங்கே, எப்படி மாட்டணும்?

1. வரிசை. தொட்டி, பம்ப், ஃபில்டர், இன்ஜெக்டர் ரெயில், அதற்குப் பிறகு ரெகுலேட்டர், அங்கிருந்து மீண்டும் தொட்டி. இன்ஜெக்டர் காரில் ரெகுலேட்டர் ரெயிலுக்குப் பின்னால்தான் வரும். பொதுவாகப் பக்கவாட்டுத் துளைகள் பெட்ரோல் உள்ளே வர, அடித் துளை தொட்டிக்குத் திரும்ப. ஆனாலும் தயாரிப்பாளர் தந்த படத்தைப் பார்க்காமல் மாட்டாதீர்கள்.

2. பழைய ரெகுலேட்டர். ரெயிலிலேயே இருக்கும் கம்பெனி ரெகுலேட்டரைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் அடாப்டர் போட வேண்டும். இரண்டையும் விட்டுவைத்தால் ஒன்றை ஒன்று இடித்துக்கொள்ளும், எவ்வளவு திருகினாலும் அழுத்தம் சொன்னபடி கேட்காது. 2000க்குப் பிறகு வந்த பல கார்களில் ரெகுலேட்டர் தொட்டிக்குள்ளேயே இருக்கும், திரும்பும் குழாயே கிடையாது. அவற்றில் திரும்பும் குழாய் ஒன்றைப் புதிதாக இழுக்க வேண்டும்.

3. இடம். எக்சாஸ்ட், டர்போ பக்கம் வேண்டாம். ஆடும் இன்ஜின் மேலே மாட்டாமல், இன்ஜின் அறைச் சுவரில் தாங்கி வைத்து இறுக்குவது நல்லது. மீட்டரைப் படிக்கவும் திருகைத் தொடவும் வசதியாக இருக்க வேண்டும். விபத்தில் முதலில் நசுங்கும் மூலையில் வைக்காதீர்கள்.

4. திரும்பும் குழாய். பலரும் கோட்டை விடும் இடம் இது. சுமார் 300 குதிரைத்திறன் இன்ஜின் முழுப் பலத்தில் மணிக்கு ஏறத்தாழ 90 லிட்டர் பெட்ரோல் குடிக்கும். ஐடிலிலோ ஓரிரு லிட்டர்தான். ஆனால் மணிக்கு 255 லிட்டர் பம்ப் எப்போதும் தள்ளிக்கொண்டேதான் இருக்கும். ஐடிலில் ஏறக்குறைய அத்தனையும் திரும்பும் குழாய் வழியாகப் போயாக வேண்டும். குழாய் ஒடுக்கமாக இருந்தாலோ, எங்காவது மடிந்திருந்தாலோ, திருகை முழுதாகத் தளர்த்தினாலும் அழுத்தம் கீழே இறங்காது. ரெகுலேட்டர் பழுது என்று புதிதாக இன்னொன்று வாங்குபவர்கள் உண்டு, தப்பு குழாயில் இருக்கும்.

5. மரை. ஓ-ரிங் வைத்து இறுக்கும் மரைக்கு எந்தப் பசையும் டேப்பும் வேண்டாம், ஓ-ரிங்கில் ஒரு சொட்டு எண்ணெய் தடவினால் போதும். கூம்பு வடிவ மரைக்கு பெட்ரோலைத் தாங்கும் பசை பூசலாம். தண்ணீர்க் குழாய்க்குச் சுற்றும் வெள்ளை டேப் கூடவே கூடாது. அதன் துணுக்கு ஒன்று போதும், இன்ஜெக்டர் அடைத்துக்கொள்ளும்.

6. உறிஞ்சல் குழாய். திராட்டிலுக்குப் பிறகு, மேனிஃபோல்டில் இருந்து தனியாக எடுக்க வேண்டும். பிரேக் பூஸ்டருக்கும் பூஸ்ட் மீட்டருக்கும் போகும் குழாயில் இருந்து கிளை எடுக்காதீர்கள். இரு முனையிலும் கிளிப் போடுங்கள். மலேசியாவில் பலருக்குப் பிடித்த டொயோட்டாவின் 20 வால்வ் 4ஏ-ஜிஇ இன்ஜினில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித் திராட்டில். அங்கே ஒரே சிலிண்டரில் இருந்து எடுத்தால் சைகை துடித்துக்கொண்டே இருக்கும். நான்கையும் ஒரு சிறிய கலனில் சேர்த்து, அதிலிருந்து எடுப்பது வழக்கம்.

செட் பண்ணுவது எப்படி?

முதலில் திருகைத் தளர்த்தி, குறைந்த அழுத்தத்தில் தொடங்குங்கள். இன்ஜினை இயக்காமல் சாவியை மட்டும் போட்டால் பம்ப் இரண்டு மூன்று விநாடி ஓடும். இதை நான்கைந்து தடவை செய்து, எல்லா மூட்டுகளையும் விரலால் தடவிப் பாருங்கள். ஒரு சொட்டு கசிந்தாலும் அடுத்த கட்டத்துக்குப் போகாதீர்கள்.

கசிவு இல்லை என்றால் இன்ஜினை ஓட்டுங்கள். உறிஞ்சல் குழாயை ரெகுலேட்டரில் இருந்து கழற்றி, குழாயின் வாயை அடைத்துவிடுங்கள். இப்போது மீட்டர் காட்டுவதுதான் அடிப்படை அழுத்தம். திருகைக் கால் சுற்றாக முறுக்கி, உங்கள் இன்ஜெக்டருக்கும் ஈசியூ கணக்குக்கும் உரிய அளவுக்குக் கொண்டுவாருங்கள். பெரும்பாலும் அது 3 பார். பூட்டு நட்டை இறுக்குங்கள். இறுக்கும்போது திருகு கொஞ்சம் நகரும், அதனால் மறுபடி மீட்டரைப் பாருங்கள்.

குழாயைத் திரும்ப மாட்டினால் அழுத்தம் 0.5 முதல் 0.7 பார் வரை இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் குழாய் அடைத்திருக்கிறது அல்லது தப்பான இடத்தில் இருந்து எடுத்திருக்கிறீர்கள். கூர்மையான கேம் போட்ட பந்தய இன்ஜினில் உறிஞ்சலே குறைவு, அங்கே இறக்கமும் குறைவாகத்தான் இருக்கும்.

டர்போ கார் என்றால் இன்னொரு சோதனை. பம்ப் ஓடும்போது, கைப்பம்ப்பால் ரெகுலேட்டரின் தலையில் 1 பார் காற்று கொடுங்கள். பெட்ரோல் அழுத்தமும் சரியாக 1 பார் ஏற வேண்டும்.

பிறகு டைனோ. அகலக்கற்றை லாம்டா சென்சார் மாட்டி, காற்றுக்கும் பெட்ரோலுக்கும் உள்ள விகிதத்தைப் பார்க்க வேண்டும். பெட்ரோல் முழுதாக எரிய 14.7க்கு 1 என்பது கணக்கு. ஆனால் முழுப் பலத்தில் டர்போ இல்லாத இன்ஜினுக்கு 12.5 முதல் 13 வரை, டர்போவுக்கு 11.5 முதல் 12 வரை வைப்பது பொதுவான பழக்கம். அழுத்தத்தை மாற்றிவிட்டு ஈசியூவைத் தொடாமல் தடத்தில் இறங்குவது, அளவுகோலை மாற்றிவிட்டுப் பழைய கணக்கிலேயே துணி வெட்டுவது போல.

வெயிலும் வளைவும்

தொட்டிக்குத் திரும்பும் பெட்ரோல் இன்ஜின் சூட்டைச் சுமந்துகொண்டு போகிறது. நீண்ட பந்தயத்தில் தொட்டி குறையக் குறைய, மிச்சப் பெட்ரோல் மேலும் சூடாகும். சாதாரண அழுத்தத்தில் பெட்ரோலின் லேசான பகுதிகள் 35-40 டிகிரியிலேயே கொதிக்கத் தொடங்கிவிடும். பம்ப்புக்குள் ஆவி புகுந்தால் அழுத்தம் ஆட்டம் காணும்.

வளைவில் பெட்ரோல் தொட்டியின் ஒரு பக்கம் ஒதுங்கி, பம்ப் காற்றை இழுப்பதும் இதே மாதிரி. இதற்குத்தான் பந்தயக் காரில் சிறிய இடைத்தொட்டி வைக்கிறார்கள். நல்ல ரெகுலேட்டர் மாட்டினாலும் இந்த இரண்டு பிரச்னையையும் அது தீர்க்காது.

பெரிய அணிகளுக்கும் இது நடக்கும். 2022 மார்ச் மாதம் பஹ்ரைனில் நடந்த ஃபார்முலா 1 பந்தயத்தில், ரெட் புல் அணியின் இரண்டு கார்களும் எரிபொருள் அமைப்பில் ஏற்பட்ட கோளாறால் கடைசிச் சுற்றுகளில் வெளியேறின. அடுத்த மாதம் மெல்பர்னில், அதே அணியின் மேக்ஸ் வெர்ஸ்டாப்பன் எரிபொருள் கசிவால் காரை ஓரம் கட்டினார்.

இந்தியாவில் இருந்து படிப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையிலோ கோவை கரி தடத்திலோ ஓட்டினாலும் வேலை இதேதான். ஆனால் இந்தியச் சாலைப் பெட்ரோலில் இப்போது 20 சதவீதம் எத்தனால் கலந்திருக்கிறது. பழைய ரப்பர் சவ்வும் குழாயும் எத்தனாலில் ஊறி வீணாகும். எத்தனாலைத் தாங்கும் சவ்வு, ஓ-ரிங், குழாய் என்று கேட்டு வாங்க வேண்டும். மலேசியாவில் கலக்கப்படும் செம்பனை எண்ணெய் டீசலுக்கு உரியது, பெட்ரோலுக்கு அல்ல.

அறிகுறி சொல்வது என்ன?

- கரும்புகை, ஐடிலில் தடுமாற்றம்: உறிஞ்சல் குழாயைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே பெட்ரோல் ஈரம் இருந்தால் சவ்வு கிழிந்துவிட்டது. காரை ஓட்டாதீர்கள், பெட்ரோல் நேராக இன்ஜினுக்குள் போகிறது.
- ஐடிலில் சரி, முழு வேகத்தில் அழுத்தம் சரிகிறது: ரெகுலேட்டரைக் குற்றம் சொல்லும் முன் ஃபில்டர், பம்ப், பம்ப்புக்குப் போகும் மின்கம்பி மூன்றையும் பாருங்கள். மெல்லிய கம்பியில் மின்னழுத்தம் குறைந்தால் பம்ப்பும் மெதுவாகும்.
- இன்ஜின் நின்றதும் அழுத்தம் சட்டென விழுகிறது: பம்ப்பின் ஒருவழி வால்வ், இன்ஜெக்டர் கசிவு, ரெகுலேட்டர் என மூன்றில் ஒன்று.
- சூடானதும் மீட்டர் வேறு கணக்கு காட்டுகிறது: திரவம் நிரப்பிய சின்ன மீட்டர்கள் இன்ஜின் சூட்டில் பொய் சொல்லும். ஆறிய பிறகு ஒருமுறை சரிபார்த்து, பந்தயத்துக்கு மின் சென்சாரை நம்புங்கள்.

விதி என்ன சொல்லுது?

சர்வதேச மோட்டார் பந்தயக் கூட்டமைப்பான எஃப்ஐஏவின் பாதுகாப்பு விதிகளின்படி, ஓட்டுநர் அறைக்குள் எரிபொருள் குழாய் போனாலும் அங்கே மூட்டு எதுவும் இருக்கக் கூடாது. இன்ஜின் ஓடும்போதும் ஸ்டார்ட் ஆகும்போதும் மட்டுமே பம்ப் ஓட வேண்டும். இதன் பின்னணி எளிமையானது: மோதிக் கவிழ்ந்த காரில் இன்ஜின் நின்ற பிறகும் பம்ப் ஓடினால், உடைந்த குழாய் வழியாகத் தொட்டியே காலியாகும். பெட்ரோல் நேரடியாக வரும் மீட்டரை ஓட்டுநர் முன்னால் வைக்கக் கூடாது என்று சொல்வதும் இதனால்தான். அந்தந்தப் பந்தயத்துக்குத் தனி விதிகளும் உண்டு, பரிசோதகரிடம் முன்கூட்டியே கேட்பது நல்லது.

இது தடத்துக்கான வேலை. சாலையில் ஓடும் காரை மாற்றியமைக்க, மலேசியாவில் ஜேபிஜே எனப்படும் சாலைப் போக்குவரத்து இலாகாவின் விதிகள் பொருந்தும். நெடுஞ்சாலையில் சோதித்துப் பார்க்கலாம் என்ற நினைப்பு வேண்டவே வேண்டாம்.

தடத்தில் இறங்கும் முன் ஐந்து நிமிடம்

ஒவ்வொரு மூட்டையும் தொட்டுப் பாருங்கள். மூக்கைக் கொண்டுபோய் மோந்து பாருங்கள். பூட்டு நட்டில் பெயின்ட்டால் ஒரு கோடு போட்டு வைத்தால், நகர்ந்ததா என்று ஒரே பார்வையில் தெரியும். அடிப்படை அழுத்தம் எவ்வளவு வைத்தீர்கள், தேதி என்ன என்பதை ஒரு நோட்டில் எழுதுங்கள். முதல் மூன்று சுற்று முடிந்ததும் உள்ளே வந்து, சூடான இன்ஜினில் மறுபடி எல்லாவற்றையும் பாருங்கள். ஆறிய நிலையில் கசியாத மூட்டு, சூட்டில் கசியலாம்.

அந்த மூன்று சுற்றில் ஏதாவது நெடி வந்தால், பந்தயத்தை விட்டுவிடுங்கள். இன்ஜினை மறுபடி கட்டலாம். தடம் அடுத்த வாரமும் அங்கேதான் இருக்கும்.